பட்டிப்பொங்கல் வைத்த தொட்டி

பஸ்ஸில் மகுடேஸ்வரனுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சாயங்காலம் பனியன் கம்பெனிகள் விடுகிற நேரத்தில் நல்லூர் பஸ் எப்படி நெரியும் என்று திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நெரிசலிலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகக் கிடக்கும். அழுகிய முட்டை நாற்றம் அவர் சட்டையிலேயே குடியிருந்தது. நான் மட்டும் போய் உட்காருவேன். இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. சாய லேபில் இத்தனை வருஷம் நின்றதில் என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது தனபால் முதலாளியின் சாயப்பட்டறையில். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் இடம். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற துண்டுத் துணியைப் பார்த்து அதே நிறத்தை வரவழைப்பது என் வேலை. சாயம் போட்டு முடிந்த கழிவுத் தண்ணீரிலிருந்து அந்த நிறத்தை எடுப்பது அவர் வேலை.

"நீங்க போடறத நான் எடுக்கறனுங் அம்மிணி. ரெண்டு பேருத்துக்கும் சம்பளம். கூத்தப் பாருங்க" என்று சிரிப்பார்.

அவர் ஊர் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே. அவர் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் கிணற்றில் சாயம் ஊறியது. மாடுகள் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. சினை மாடுகள் குறை மாதத்தில் கன்று வீசின. அவர் அப்பா ஒரு நாள் மாட்டுப்பட்டியைத் திறந்து இருந்த உருப்படி அத்தனையையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இதைச் சொல்லும்போது மகுடேஸ்வரன் குரலில் அழுகை இருக்காது, எரிச்சல்தான் இருக்கும். "யார் யாரோ வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வல்லீங்க" என்பார்.

எங்கள் பட்டறையின் பின்மதில் ஓரமாக ஒரு வால்வு உண்டு. சட்டப்படி ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். தொட்டிகள் நிரம்பி, மழையும் சேர்ந்துகொண்டால் அந்த வால்வைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஓடைக்குப் போகும், ஓடை நொய்யலுக்குப் போகும். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். மழை நாளில் வால்வுப் பக்கம் யாரும் நடக்க மாட்டோம், அவ்வளவுதான் எங்கள் யோக்கியதை.

மகுடேஸ்வரன் மட்டும் நடப்பார். போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார்.

முதலாளியிடம் நச்சரித்து நச்சரித்து ஒரு சோதனைத் தொட்டி வைக்க அனுமதி வாங்கினார். காற்றே புகாத மூடிய தொட்டி. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள். காற்று இல்லாத இடத்தில் வாழும் இனம் அவை. கழிவில் இருக்கிற அழுக்கையும் சாயத்தையும் தின்று வாயுவாக விட்டுவிடும். அந்தக் குழம்புக்குள் சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக மெம்பரேன் குழல்கள் தொங்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள குழல்கள். பம்பு உறிஞ்சினால் தெளிந்த தண்ணீர் மட்டும் குழலுக்குள் வரும், உயிர்கள் வெளியே நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழல்கள் மேல் வழுவழுவென்று ஒரு கோழை படியும். படியப் படியத் துளை அடைக்கும், பம்பு மூச்சுத் திணறும், அழுத்தம் காட்டும் முள் ஏறும். இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது அந்தக் கோழைதான்.

அவருடைய பிழைப்பே அந்தக் கோழையோடுதான் நடந்தது. தொட்டியில் உண்டாகும் வாயுவையே பிடித்து அடியிலிருந்து குமிழ் குமிழாக ஊதிக் குழல்களை உலுக்குவார். கொஞ்ச நேரம் உறிஞ்சவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கவிடுவார். இந்தச் சும்மா இருப்பதை முதலாளியிடம் விளங்கவைக்கத்தான் அவர் தொண்டைத் தண்ணீர் வற்றியது. திருப்பூரில் கரண்டு இருக்கும்போது ஒரு மோட்டார் சும்மா இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சகிக்கிற முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"மாட்ட நாளெல்லாம் ஏர்ல பூட்டுனா என்னாகுமுங்க? அவுத்து உடோணுமில்லீங்களா?" என்று அவர் கேட்டபோதுதான் தனபால் அடங்கினார். அவரும் விவசாயம் பார்த்த காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைதானே.

மாட்டுப் பேச்சு அங்கேதான் ஆரம்பமானது. தொட்டிக்கு முதல் வித்தாகப் போட்டதே பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து அவர் கொண்டுவந்த சாணம். "இதுவும் ஒரு பட்டிதானுங்க. வாயில்லாச் சீவன்" என்பார். பட்டறை லீவு விட்டால் கழிவுத் தண்ணீர் வராது, உயிர்கள் பட்டினி கிடக்கும். அதற்காகத் தொட்டியின் பக்கத்தில் தீனி ஊற்ற ஒரு வாய் வைத்திருந்தார். லீவு நாளில் அதன் வழியாக நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்ற வாட்ச்மேன் பொன்னுச்சாமிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். தையல்காரப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், டீக்கடைக்காரர், ஒருவரையும் விட்டதில்லை.

முதலாளி மனைவி ஞானாம்பாளிடமும் சொன்னார். அந்தம்மா தங்கமான மனுஷி. வேலை செய்கிறவர்களுக்குச் சோறு போடுவதில் அவர் கை தாராளம். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, பட்டறைக்கு வரும்போதெல்லாம் விசாரிப்பார். "ஏனுங்ணா, உங்க உருப்படியெல்லாம் சொகமாங்க?"

"சொகமா இருக்குதுங்கம்மா" என்பார் இவர், வாயெல்லாம் பல்லாக.

ஐப்பசிக்கு மேல் தொட்டி நிதானத்துக்கு வந்தது. முள் ஏறவில்லை. குழாயில் தெளிந்த தண்ணீர் விழுந்தது. தனபால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையை நானும் கேட்டேன்.

"தை முடியற வரைக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னா, மொத்தத் தண்ணிக்கும் பெருசாக் கட்டிப்போடலாமுங்க மகுடேஸ்வரன். அப்பறம் அந்தப் பொறத்தால வால்வு எதுக்கு? நீங்களே நின்னு வெல்டு வெச்சு மூடிருங்க."

அன்று பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் கண்டுகொள்ளாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒரு வால்வை வெல்டு வைத்து அடைப்பது, அவ்வளவுதான்.

அந்தத் தைப் பொங்கல் அவர் மகள் தேஜஸ்ரீக்குத் தலைப்பொங்கல். மூலனூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அப்பன் சீர் கொண்டு போகாமல் இருக்க முடியாது. தொட்டியை விட்டு அவர் வெளியூரில் தங்கியதே இல்லை. போவதற்கு முந்தின நாள் லேபில் வந்து என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஞானாம்பாளின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, பொங்கல் நோம்பிக்கு எங்க ஊட்டுத் தோட்டத்துல பட்டிப்பொங்கல் வெக்கறமுங்க. உங்க பட்டிக்கும் வெச்சா என்னங்க? அதுவும் வாயில்லாச் சீவன்தானுங்களே?"

அவர் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நாற்றம் பிடித்த தொட்டி என்று ஊரே மூக்கைப் பொத்துகிறது, முதலாளி வீட்டம்மா அதற்குப் பொங்கல் வைக்கிறேன் என்கிறார். "வைங்கம்மா. தாராளமா வைங்க" என்றார். குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பொங்கலைப் படைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டிப்பொங்கல் என்றால் மாட்டுக்குப் பொங்கலை ஊட்டிவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததா? தெரியும். தொட்டிக்கு யாராவது ஊட்டுவார்களா என்று தோன்றிவிட்டது.

ஊட்டினார்கள். நோம்பி முடிந்து அவர் வந்து பார்த்தபோது தொட்டி முன்னால் பட்டிப்பொங்கலுக்குக் கட்டுகிற மாதிரி சாணத்தில் குட்டித் தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூ போட்டு, அழகாக இருந்தது. பம்பின் முள் சிவப்பில் நின்றது. தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சளாக, கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. பொன்னுச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த ஆள் பெருமையாகச் சொன்னார்.

"அம்மா வந்து அவங்க கையால ஊத்துனாங்க. பானைப் பொங்கல், ஒரு டின்னு நெய்யி. அப்பறம் ஆளுங்களுக்கு வடை சுட்ட எண்ணெயி மீந்துச்சுங்க, அதையும் ஊத்தியாச்சு. வயிறாரத் தின்னட்டுமுன்னாங்க. நானும் அந்தத் தீனி வாய்ல நல்லாத் தள்ளி உட்டனுங்க."

மகுடேஸ்வரன் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நெய்யும் எண்ணெயும் அந்த உயிர்களுக்கு எமன். உடைந்து கொழுப்பு அமிலமாகி அவற்றின் மேலேயே போர்த்தி மூச்சை முட்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "வாங்க, மொதலாளிகிட்டச் சொல்லீரலாம்" என்றேன்.

"வேண்டாமுங் அம்மிணி. காப்பாத்திருவனுங்க" என்றார்.

என்னென்னவோ செய்தார். உறிஞ்சுவதைக் குறைத்தார். சும்மா இருக்கும் நேரத்தைக் கூட்டினார். மிதந்ததை வழித்து எடுத்தார். ஒடிசாப் பையன்களை வைத்துக் குழல்களைத் தூக்கி வெளியே போட்டு, பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்தார். காரத்தில் ஊறவைத்தார். காரத்தைக் கூட்டினால் குழல் இற்றுப்போகும், குறைத்தால் கொழுப்பு விடாது. கழுவி மாட்டிய அன்று முள் இறங்கும். அவர் முகம் தெளியும். மறுநாள் மறுபடியும் ஏறி நிற்கும். தொட்டிக்குள் உயிர்கள் சாகச் சாக வாயு குறைந்தது. வாயு குறையக் குறையக் குழல்களை உலுக்க வழியில்லை. உலுக்காத குழலில் செத்த உயிர்களின் கோழையே போய்ப் படிந்தது. எந்தப் பக்கம் பிடித்தாலும் இன்னொரு பக்கம் கிழிந்தது. பொங்கலூருக்கு ஓடிப் புதுச் சாணம் கொண்டுவந்து போட்டார். அதிலிருந்த உயிர்களும் அந்தக் கொழுப்புக்குள்ளேயே செத்தன.

இதற்கு நடுவில் ஞானாம்பாள் ஒரு நாள் வந்தார். "உருப்படியெல்லாம் நல்லாத் தின்னுச்சுங்களாண்ணா?"

"தின்னுச்சுங்கம்மா" என்றார் மகுடேஸ்வரன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பீக்கரை வீசியிருப்பேன். அந்தம்மா போன பிறகு அவரைப் பிடித்துக் கத்தினேன். உண்மையைச் சொன்னால் என்ன, நெய் ஊற்றியதால் கெட்டது என்று தெரிந்தால் தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படிங் அம்மிணி சொல்லுவேன்? மனசாரச் செஞ்சாங்க. நீங்க ஊட்டுன பொங்கல்ல அத்தனையும் செத்துப்போச்சுன்னு அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லோணுமா? வைங்கன்னு சொன்னவனும் நாந்தான். நீங்களும் சொல்லப்படாதுங்க" என்றார்.

தை கடைசியில் தனபால் வந்து நின்றார். குழாயில் நூல் போல் தண்ணீர் ஒழுகியது. அதுவும் சிவப்பாக. அது நான் அந்த வாரம் மாட்ச் பண்ணிக்கொடுத்த மெரூன். என் நிறத்தை என்னால் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடியும். டம்ளரைத் தூக்கிப் பார்க்க வேண்டிய வேலை அவருக்கு இருக்கவில்லை.

"என்னாச்சுங்க மகுடேஸ்வரன்? நல்லாத்தான வந்துட்டிருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். "அய்யா, நோம்பியப்ப வந்து..." என்று ஆரம்பித்ததும் மகுடேஸ்வரன் குறுக்கே விழுந்தார்.

"நம்ம தண்ணிக்கு இது ஒத்து வராதாட்ட இருக்குதுங்க. உப்பு அதிகமுங்க. நாந்தான் தப்பா நெனச்சுட்டனுங்க."

தனபால் கோபப்படவில்லை. "செரி உடுங்க. இந்தத் தொழில்நுட்பமெல்லாம் சீமைக்குச் செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்தது. நெய்யால் கெட்டது என்று சொல்லியிருந்தால் தொட்டி மறுபடி பிழைத்திருக்கும். தண்ணீருக்கே ஒத்து வராது என்று சொன்ன பிறகு அதைத் தொடுவதற்கு இனி இந்தப் பட்டறையில் யாரும் இல்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் அதே பேச்சு பரவியது. தனபால் போட்டே ஓடவில்லையாம் என்றார்கள். ஒரு நல்ல மனுஷியின் மனம் நோகக் கூடாது என்று இந்த ஆள் ஆற்றை விட்டுக்கொடுத்தார். அவரை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. அவர் செய்ததைத் தவறு என்று சொல்லவும் முழுதாக வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து வேகிறேன்.

குழல்களைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவன் கொண்டுபோனான். தொட்டியைத் திறந்து கழுவினார்கள். பிறகு அதில் சாயத்துக்குப் போடுகிற உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். யாரும் மகுடேஸ்வரனைப் போகச் சொல்லவில்லை. அவர் சித்திரை வரைக்கும் வந்தார். வந்து என்ன செய்வார்? பழைய தொட்டிகளில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். கோடை மழை ஒரு மத்தியானம் அடித்துப் பெய்தபோது பின்மதில் வால்வைத் திறந்தார்கள். அன்று அவர் அந்தப் பக்கம் போய் நிற்கவில்லை. எங்களைப் போலவே தலையைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார். அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை.

இப்போது காங்கயம் போகிற சாலையில் ஒரு அரிசி ஆலையில் லாரி எடை போடுகிறார். நாற்றம் போய்விட்டது. பஸ்ஸில் எல்லாரும் அவர் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

இந்த வருஷம் பட்டிப்பொங்கலன்று நான் பட்டறைக்குப் போயிருந்தேன். அவசரமாக ஒரு நிறம் கேட்டிருந்தார்கள். ஞானாம்பாள் தோட்டத்துப் பொங்கலை எடுத்துக்கொண்டு வந்தார். உப்பு மூட்டை அடுக்கிய தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சுவரில் குங்குமம் வைத்தார்.

"போன வருசம் எங்க ஊட்டு மாட்டுக்குக்கூட அப்படி வெக்கலீங் கண்ணு. டின்னு நெய்யி ஊத்துனேன். தங்கமாட்ட மனுசன், அவருக்குத்தான் கைகூடல" என்றார். பொங்கல் நிறைந்த ஒரு தூக்குப்போசியை என் கையில் கொடுத்தார். "நல்லூர்லதான இருக்கறாரு? போற வழில குடுத்துரு சாமி. பட்டி வெச்சிருந்தவரு. நான் நெனச்சுட்டே இருப்பன்னு சொல்லு."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் போசியை வாங்கிக்கொண்டேன்.

மகுடேஸ்வரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். போசியைத் திறந்தார். நெய் மேலாக நின்றது. வேண்டாம் என்று மூடிவிடுவார் என்று நினைத்தேன். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூன் கேட்காமல், கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அடியில் ஒட்டியதையும் வழித்து உண்டார்.

"நெனச்சுட்டே இருப்பாங்களாம்" என்றேன்.

"ஆமாங்க. நல்ல மனசு" என்றார்.

அப்புறம் வால்வைப் பற்றிக் கேட்டார். "மழைக்குத் தொறக்கறாங்களா?"

"தொறக்கறாங்கண்ணா."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். விரலை மோந்து பார்த்தார். மறுபடி சோப்புப் போட்டார். பிறகு பாத்திரம் தேய்க்கிற சாம்பலை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் வாங்கண்ணா என்று நான் கூப்பிட்டதற்கு என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நெய்யி லேசுல போகாதுங் அம்மிணி."